பெதும்பைக்கு முன்னரே சொல்லுவோம்

பெண்ணின் வாழ்நாளை ஏழு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட்டு வழங்கியவர்கள் தமிழர். 5 வயது முதல் 7 வயது வரை பேதை என்றும், 8 முதல் 11 வரை பெதும்பை என்றும், 12, 13 வயதுகளில் மங்கை என்றும் கூறுவது மரபு. உலா என்னும் சிற்றிலக்கிய வகையில் இவ்வேழு பருவத்தாரும் வரிசையாக வருவர். இவற்றுள் பெதும்பை என்னும் சொல் இன்று பேச்சு வழக்கில் இல்லை. எனினும், குழந்தை என்று சொல்லவும் இயலாமல், குமரி என்று சொல்லவும் இயலாமல் நடுவில் நிற்கும் அந்தப் பருவத்தைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் நம்மிடம் வேறில்லை. அத்தகைய பெண்ணுக்கு, அவள் பூப்பெய்துவதற்கு முன்னரே பெற்றோர் சொல்லி வைக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றோம்.

இதைப் பற்றித் தனியே பேசுவானேன், காலங்காலமாக நடந்து வருவதுதானே என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். ஊரில் இருந்த காலத்தில் அந்த எண்ணம் ஓரளவு செல்லும். அங்கே பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், சித்தி, பெரியம்மா, அடுத்த வீட்டு அக்கா என்று பலர் இருந்தனர். ஒரு பெண் வயதுக்கு வந்தால், அவளைச் சுற்றி அன்று மாலைக்குள் பத்துப் பெண்கள் கூடிவிடுவர். என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் விளக்கிச் சொன்னார்கள் என்பதற்கில்லை. ஆனால், அஞ்சத்தக்கது ஒன்றும் நேர்ந்துவிடவில்லை என்பதை அவர்களுடைய முகங்களே சொல்லின. டில்லிக் கரோல்பாகிலோ, மும்பை மாட்டுங்காவிலோ, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலோ, மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தச் சுற்றம் வாய்ப்பதில்லை. தாயும் தந்தையும் அலுவலகம் சென்றிருப்பர். பெண் பள்ளியிலிருந்து திரும்பித் தானே கதவைத் திறந்துகொண்டு வீட்டினுள் நுழைவாள். அந்த வேளையில் உள்ளாடையில் இரத்தக் கறையைக் காணும் சிறுமி என்ன நினைப்பாள்? தனக்கு உள்ளே அடிபட்டிருக்கிறது, ஏதோ கொடிய நோய் வந்திருக்கிறது, தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்றே நினைப்பாள். முன்னரே அறிந்தவளுக்கோ அது அச்சம் தருவதில்லை. அவள் அலமாரியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, தாய்க்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பாடத்தை எழுத உட்கார்ந்துவிடுவாள். இரு பெண்களுக்கும் உள்ள வேறுபாடு, ஒருத்திக்கு யாரோ முன்கூட்டிச் சொல்லியிருந்தார் என்பதே.

எப்பொழுது சொல்வது? பெரும்பாலான சிறுமியர்க்கு முதற் பூப்பு 12 அல்லது 13 வயதில் நிகழ்கிறது. 9 வயதில் நிகழ்வதும் உண்டு, 15 வயதில் நிகழ்வதும் உண்டு, இரண்டும் இயல்பே. ஆதலால், 8 வயது முடிந்ததும் பேச்சைத் தொடங்கிவிடுவது நன்று. உடலும் முன்னறிவிப்புத் தருகிறது. முதலில் மார்பில் சிறு காய் போன்ற ஒரு தடிப்புத் தோன்றும், தொட்டால் வலிக்கும், ஒரு பக்கம் முன்னும் மறு பக்கம் பின்னுமாகத் தோன்றுவதும் உண்டு. அது தோன்றியதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் பூப்பு நிகழும். இடையே உயரம் விரைவாகக் கூடும். அக்குளிலும் அடிவயிற்றின் கீழும் உரோமம் முளைக்கும். முகத்தில் பரு எழும். பூப்புக்குச் சில மாதங்களுக்கு முன் உள்ளாடையில் வெண்ணிறமான கசிவு படும். அது நோயன்று, நாள் நெருங்குகிறது என்பதற்கு அடையாளம். இந்த அடையாளங்களைத் தாய் கவனித்து வந்தால், சொல்ல வேண்டிய காலம் தவறிப் போகாது.

அடுத்து, என்ன சொல்வது? உடலின் செயலை உள்ளவாறே, எளிய சொற்களில் சொன்னால் போதும். மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒன்று உள்ளது. பெண்ணுக்குப் பருவம் வருங்கால் அச்சுரப்பி, அடிவயிற்றின் இருபுறமும் உள்ள சினைப்பைகளுக்கு இரத்தத்தின் வழியே தூது அனுப்புகிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீரை உண்டாக்குகின்றன. கருப்பையின் உட்சுவரில் மெல்லிய சவ்வு ஒன்று, இரத்தக் குழாய்கள் நிறைந்து, மெத்தை போல வளருகிறது. பிற்காலத்தில் ஒரு கரு தங்க நேர்ந்தால் அதற்கு இடமும் உணவும் அளிப்பதற்கான ஏற்பாடு அது. கரு தங்காத மாதத்தில் அம்மெத்தை தேவையற்றதாகிக் கரைந்து, சிறிது இரத்தத்தோடு வெளியேறுகிறது. பின்னர்ப் புதியது வளரத் தொடங்குகிறது. இதுவே மாதவிடாய்.

இந்த இரத்தம் உடலெங்கும் ஓடும் இரத்தத்தினின்று வேறுபட்ட கெட்ட இரத்தம் என்று ஒரு கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. அது தவறு. அளவும் அஞ்சத்தக்கதன்று, ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லி லிட்டர்தான், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. முதன்முறை வரும் பொழுது அது செந்நிறமாக இராமல் பழுப்பு நிறக் கறையாகவே தோன்றக்கூடும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். சிவப்பை எதிர்பார்த்திருக்கும் சிறுமி, பழுப்புக் கறையைக் கண்டு இது வேறு ஏதோ என்று மயங்குவாள்.

போக்கு 2 நாள் முதல் 7 நாள் வரை நீடிக்கும். முதல் நாளிலிருந்து அடுத்த முறையின் முதல் நாள் வரை 28 நாள் என்பது சராசரிக் கணக்கே. இளம்பெண்களுக்கு 21 நாள் முதல் 45 நாள் வரை எதுவும் இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. தொடக்கத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்கின்றி வருவதும் உண்டு. ஒரு சிறிய நாட்குறிப்பில் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் குறித்து வரும்படி பெண்ணைப் பழக்கினால், தன் உடலின் கணக்கு அவளுக்கே தெரிந்துவிடும்.

எந்த மொழியில் சொல்வது என்பது நமக்கே உரிய ஒரு கேள்வி. மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகள் கழித்த நமக்கு, சொல் மாறினால் பொருளின் சாயலும் மாறும் என்பது நன்கு தெரியும். வெளி மாநிலத்தில் வளரும் நம் பெண்ணுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். டில்லியில் அவளுடைய தோழிகள் மாஹ்வாரி என்பர். மும்பையில் மாசிக் பாளி என்பர். கொல்கத்தாவில் மாசிக் என்பர். ஐதராபாத்தில் நெலசரி என்பர். பெங்களூரில் முட்டு என்பர். எல்லா ஊரிலும் பீரியட்ஸ் என்பர். வீட்டிலோ இதற்குச் சொல்லே இராது. அல்லது தீட்டு, தூரம், வீட்டு விலக்கு என்னும் சொற்களே காதில் விழும். தன் உடலில் நிகழும் ஒன்றுக்குத் தாய்மொழியில் விலக்கு என்னும் பொருள்பட்ட சொல்லை மட்டுமே கேட்டு வளரும் பெண், அதைத் தாயிடம் சொல்லக் கூசுவாள். மாதவிடாய் என்னும் நல்ல சொல் தமிழில் இருக்கிறது. பூப்பு என்பதோ பூவிலிருந்து பிறந்த சொல். இவற்றை வீட்டில் கூச்சமின்றி வழங்குவோம். அதோடு, பள்ளியில் ஆசிரியையிடமோ, மருத்துவரிடமோ கேட்க நேர்ந்தால் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தந்த ஊர் மொழியில் கற்றுக் கொடுப்போம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்கார வைத்து உபதேசம் செய்ய வேண்டுவதில்லை. மார்பு வலிக்கிறது என்று மகள் சொல்லும் நாளே தொடங்குவதற்கு நல்ல நாள். தாய் இவ்வாறு சொல்லலாம்: “பயப்படாதே, கண்ணு. நீ வளருகிறாய் என்பதற்கு இது அடையாளம். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் மாதத்துக்கு ஒரு முறை, நாலைந்து நாள், கீழே கொஞ்சம் இரத்தம் வரும். அடிபட்டு வருவது இல்லை, நோயும் இல்லை. எனக்கும் வருகிறது; பாட்டிக்கும் வந்தது. நீ எங்கே இருந்தாலும் என்னிடம் சொல்லு. நான் பக்கத்தில் இல்லையென்றால் டீச்சரிடம் சொல்லு.” முதல் நாளுக்கு இவ்வளவு போதும். மகள் கேள்வி கேட்டால், கேட்டதற்கு மட்டும் உண்மையான விடை கூறலாம். மீண்டும் சில வாரங்களில், துணி மடிக்கும் பொழுதோ, சந்தைக்குப் போகும் வழியிலோ, இன்னும் சிறிது சொல்லலாம். தாய் முகம் சுளிக்காமல் பேசினால், இது பேசத்தக்க செய்தி என்பதை மகள் தானே உணர்ந்துகொள்வாள்.

இனி முன்னேற்பாடு. பெண்ணின் பள்ளிப் பையில் ஒரு சிறு துணிப்பை இருக்கட்டும். அதில் இரண்டு நாப்கின்கள், ஒரு மாற்று உள்ளாடை, சில பழைய செய்தித்தாள் துண்டுகள், ஒரு சிறு சோப்பு ஆகியவை போதும். நாப்கினை உள்ளாடையில் எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு சுருட்டித் தாளில் பொதிந்து குப்பைத் தொட்டியில் இடுவது என்பதை முன்னரே ஒரு முறை செய்து காட்ட வேண்டும். கழிப்பறைக் குழியில் போட்டால் அடுக்குமாடி வீட்டின் குழாய் முழுவதும் அடைத்துக்கொள்ளும்; இதையும் சொல்ல வேண்டும். போக்கு மிகுதியோ குறைவோ, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பள்ளியில் மாற்றிக்கொள்ள இடமும் தண்ணீரும் உண்டா, அவசரத்துக்கு நாப்கின் யாரிடம் கிடைக்கும் என்பதைத் தாய் ஒருமுறை பள்ளிக்குச் சென்று கேட்டறிவது நலம்.

துணியைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் அலசி, சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தினால் அது தூய்மையானதே. ஆனால், டில்லியில் சனவரி மூடுபனியில் வெயிலே காணாத நாள்கள் உண்டு. மும்பையில் சூன் முதல் செப்டம்பர் வரை கொடித் துணி காய்வதில்லை. பிறர் கண்ணில் படக் கூடாதென்று கட்டிலுக்கு அடியிலும் மற்றத் துணிகளுக்குக் கீழும் உலர்த்தும் வழக்கமும் உண்டு. ஈரம் போகாத துணி அரிப்பையும் தொற்றையும் தரும். அத்தகைய மாதங்களிலேனும் கடையில் வாங்கும் நாப்கினைப் பயன்படுத்துவது அறிவுடைமை. நாப்கின் மீதிருந்த சரக்கு, சேவை வரியை 2018 சூலையில் அரசு நீக்கியது. மக்கள் மருந்தகங்களான ஜன ஔஷதி கேந்திரங்களில் சுவிதா என்னும் நாப்கின் ஒன்றுக்கு 1 ரூபாய் என 2019 ஆகஸ்டில் விலை குறைக்கப்பட்டது. இம்மருந்தகங்கள் எல்லா மாநிலங்களிலும் உள்ளன.

நமக்கே உரிய மற்றோர் இக்கட்டும் உண்டு. கோடை விடுமுறையில் நாம் ஊருக்குப் புறப்படுகிறோம். டில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். வயது 9 நிறைந்த மகளோடு செல்லும் தாய், மகள் இன்னும் பூப்பெய்தவில்லையாயினும், அந்தச் சிறு துணிப்பையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். இருக்கைக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் வைப்பதால் பயனில்லை.

உணவைப் பற்றிச் சில சொற்கள். மாதந்தோறும் இழக்கும் இரத்தத்தை ஈடுசெய்ய இரும்புச் சத்து வேண்டும். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்த சோகை உடையவர்கள். ஆதலால், பெதும்பைப் பருவத்திலேயே நல்லுணவைப் பழக்க வேண்டும். ஊரில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொடுப்பது வழக்கம், எள்ளுருண்டையும் கொடுப்பர். இவை நல்ல உணவுகளே. முட்டை கொடுக்கும் வழக்கமுள்ள வீட்டார் பச்சையாகக் கொடாமல் வேகவைத்துக் கொடுக்கட்டும். முருங்கைக்கீரை எளிதில் அகப்படாத ஊர்களில், அங்குக் கிடைக்கும் வெந்தயக்கீரை, கம்பு, கருப்புக் கொண்டைக்கடலை ஆகியவற்றைச் சேர்க்கலாம். உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும்; உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஒரு வாரக் களியோடு நிறுத்திவிடாமல் ஆண்டு முழுவதும் இவ்வுணவு தொடர வேண்டும்.

முதல் இரண்டு நாள் அடிவயிற்றிலும் இடுப்பிலும் வலி இருக்கலாம். வெந்நீர்ப் பையை வயிற்றின் மீது வைத்தால் வலி தணியும். குளிப்பதற்கோ, தலைக்கு நீர் ஊற்றிக்கொள்வதற்கோ, ஓடி விளையாடுவதற்கோ தடையில்லை. ஆயினும், சில நிலைகளில் மருத்துவரைக் காணுதல் இன்றியமையாதது: 9 வயதுக்கு முன்னரே இரத்தம் கண்டால், 15 வயது நிறைந்தும் பூப்பு நிகழாவிட்டால், போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தால், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் முழுதும் நனைந்துவிட்டால், வலியால் பள்ளிக்குப் போக இயலாமற் போனால், ஒருமுறை வந்தபின் மூன்று மாதங்களுக்கு மேல் வாராதிருந்தால். 2014 ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய வளரிளம்பருவ நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இளம் பருவத்தினர்க்கெனத் தனி ஆலோசனை மையங்கள் ஏற்பட்டுள்ளன. அங்குக் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

சடங்குகளைப் பற்றி நேயர்கள் கேட்கக் கூடும். மஞ்சள் நீராட்டும், தாய்மாமன் சீரும், பச்சை ஓலைக் குடிசையும் நம் மரபில் உள்ளவை. அண்டை மாநிலத்தாரிடமும் இவை போன்றவை உண்டு. அசாமியர் துலோனி பியா என்று சடங்கு செய்கின்றனர். ஒடிசாவில் சூன் நடுவில் வரும் ரஜ பர்வத்தின் மூன்று நாளும் பூமித்தாய் மாதவிடாய்க் காலத்தில் இருப்பதாகக் கருதி, உழவர் ஏர் பூட்டுவதில்லை; சிறுமியர் புத்தாடை உடுத்து ஊஞ்சல் ஆடுவர். குவாகாத்தியின் காமாக்கியா கோயிலில் சூன் மாதத்து அம்புபாச்சியின் பொழுது மூன்று நாள் நடை சாத்தி, தேவிக்கு ஓய்வளிக்கின்றனர். பூப்பைப் பெருமைக்குரியதாகக் கருதுவது இந்த நாட்டில் புதிய எண்ணமன்று என்பதற்கு இவை சான்று.

விழா எடுப்பதும் எடாததும் அவரவர் வீட்டு வழக்கம். ஆனால், விழாவின் நாயகி யாரோ அவளை ஒருவரும் கேட்பதில்லை. பெருந்தட்டியில் தன் படத்தைப் பொறித்துத் தெருவில் நிறுத்துவதை அவள் விரும்புகிறாளா என்று முதலில் கேட்போம். விரும்பாவிடில் வீட்டளவில் ஒரு பாயசத்தோடு நிறுத்திக்கொள்வோம். இரண்டு அறை வீட்டில் மூன்று நாள் தனி மூலையும் தனித் தட்டும் கொடுத்து ஒதுக்கி வைத்தால், சொல்லிக் கொடுத்த நற்செய்தி அனைத்தையும் அந்த மூலை அழித்துவிடும். பழங்காலத்தில் இச்சடங்கு, பெண் மணத்துக்குரியவள் ஆனாள் என்னும் அறிவிப்பாக இருந்தது. பெண்ணின் மண வயது 1929 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 என வரையறுக்கப்பட்டு, 1978 இல் 18 என உயர்த்தப்பட்டது. பூப்பெய்திய 12 வயதுப் பெண் இன்னும் சிறுமியே. அவளுக்கு உரிய இடம் பள்ளிக்கூடமும் விளையாட்டுத் திடலுமே.

முடிவாக, தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். இது பெண்கள் காரியம் என்று செய்தித்தாளுக்குள் முகம் புதைத்துக்கொள்ளும் வழக்கம் கூட்டுக் குடும்பத்தில் ஒருவேளை பொருந்தியிருக்கலாம். வெளியூரில், தாய் இரவுப் பணியிலிருக்கும் நாளில், வீட்டிலிருப்பவர் தந்தை ஒருவரே. கோயம்புத்தூர்க்காரரான அருணாசலம் முருகானந்தம், தம் மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு, குறைந்த செலவில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 2016 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நாம் இயந்திரம் செய்ய வேண்டுவதில்லை. கடைக்குச் சென்று நாப்கின் வாங்கி வரவும், “அம்மா இல்லாவிட்டால் என்னிடம் சொல்லம்மா” என்று மகளிடம் ஒரு முறை கூறவும் நம்மால் இயலும். வீட்டில் மகன் இருந்தால், அக்காளையோ தங்கையையோ கேலி செய்யாதிருக்க அவனுக்கும் உண்மையைச் சொல்லி வைப்போம்.

பாட்டி நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருக்கிறாள். அவளுடைய கடமையும் இப்பொழுது பெற்றோரைச் சேர்ந்தது. எட்டு வயது நிறைந்த மகள் வீட்டில் இருப்பவர்கள் இந்த வாரமே அவளோடு பேசத் தொடங்கலாம்.